சொர்ணக்கா ஏன் நம்மையே பார்க்கிறார்

விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் கோயில்களின் பட்டியலோடு வருவார்கள், பார்க்க வேண்டிய மனைகளின் பட்டியலோடு வருவார்கள். நான் சாப்பிட வேண்டிய கடைகளின் பட்டியலோடு வந்தேன். தோஹாவில் ஒரு கட்டடப் பராமரிப்பு அலுவலகத்தில் வேலை. பதினோரு மாதம் மெஸ் சாப்பாடு. அங்கே மதிய இடைவேளைகளில் கைப்பேசியில் குறித்து வைத்ததுதான் இந்தப் பட்டியல். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் முட்டை மாஸ், கீழ ராஜ வீதிப் பக்கம் தேங்காய் பன், புதிதாக வந்திருக்கிற டெசர்ட் கடைகள் என்று மொத்தம் இருபத்திரண்டு வரிகள்.

புதுக்கோட்டையில் தங்கச்சி புவனேஸ்வரி வீட்டில் தங்கியிருந்தேன். அவளுக்கு இது பிடிக்கவில்லை. "ஏண்ணே, தங்கச்சி வீட்டுல ஒலை வைக்கலைன்னு ஊர்ல பேசணுமா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டாள். மூன்றாம் நாள், "என்னத்தத்தான் எழுதுற அந்தப் போன்ல?" என்றாள்.

எழுதினேன், உண்மைதான். முட்டை மாஸில் வெந்த முட்டையை நறுக்கி, வெங்காயமும் சால்னாவும் ஊற்றிக் கல்லில் புரட்டும்போது கரண்டிச் சத்தம் கேட்டே ஆள் வந்து நிற்பதை எழுதினேன். பப்ஸைத் தட்டில் வைப்பதற்கு முன்னால் ஒருவர் அதைத் தட்டிப் பார்த்துச் சூடு சொல்வதை எழுதினேன். கூடவே என் கவலைகளும் வரும். இந்தத் தண்ணீர் எங்கே பிடித்தது, இந்த ஐஸ் எப்போது உறைந்தது, வயிறு கெட்டுத் திரும்பும் தேதி தள்ளிப்போனால் மேனேஜர் என்ன சொல்வார்? எந்தக் கடைக்குள்ளும் சொந்தத் தண்ணீர் பாட்டிலோடுதான் நுழைவேன்.

பட்டியலில் பதினான்காவது வரிதான் உதயம் டெசர்ட்ஸ். அங்கே போன பிறகு பதினைந்தாவது வரிக்கு நான் போகவே இல்லை.

சின்னக் கடை. எட்டு மேஜைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் கேக்குகள், பின்னால் சமையல்கட்டு. இளநீர் பாயசம் சொன்னேன். பில் போடுகிற பெண் ஷர்லி, சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். முதல் கரண்டியை வாய்க்குள் வைத்து நிமிர்ந்தபோது ஒரு பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கைலித் துணியில் தைத்த ஏப்ரன், தலையில் வெள்ளை வலைத் தொப்பி. சமையல்கட்டு வாசலில், தண்ணீர் கேனுக்கு ஓரமாக, பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றார்.

காசு கொடுக்காமல் ஓடிவிடுவேன் என்று நினைக்கிறாரோ? சட்டையில் ஏதாவது கொட்டிக்கொண்டேனோ? குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தால் அவர் பக்கத்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு கல்லூரிப் பெண் கேரட் அல்வா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது அவரே வந்தார். "தம்பி, ஏலக்கா முதல்ல வந்துச்சா, கடைசியில வந்துச்சா?"

எந்தக் கடையிலும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. நல்லா இருக்கா என்பார்கள், நாமும் தலையை ஆட்டிவிட்டு வருவோம். இதற்கு நான் நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

"கடைசியில. முழுங்கினதுக்கு அப்புறம்."

"இனிப்பு?"

"சரியா... இல்ல, ஒரு துளி தூக்கல்."

"வழுக்கை இன்னைக்கு ரொம்ப இளசு. அதான்." அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

"சொர்ணக்கா அப்படித்தான் சார்," என்றாள் ஷர்லி. "எல்லார் வாயையும் கிளறும். தான் மட்டும் ஒரு பருக்கை வாயில வைக்காது."

"ஏன்?"

"கோயில் விருந்து சமையல் கை. படையல் போடுறதுக்கு முன்னாடி ருசி பாக்கக் கூடாதாம். இங்கயும் அதே கட்டுப்பாடு. முதல் கிண்ணம் அம்மனுக்கு, அடுத்தது கஸ்டமருக்கு. நாங்கல்லாம் முழுங்குறதப் பாத்து அதுக்குச் சிரிப்பு."

சமையல்கட்டு வாசல் வழியாகப் பார்த்தேன். சுவரில் அரைக்காசு அம்மன் படம். அதன் முன்னால் குட்டிக் கிண்ணத்தில் பாயசம். பக்கத்தில் ஒரு வெல்லக்கட்டி.

அந்த வெல்லம்தான் என்னை மறுநாளும் அங்கே இழுத்தது. எங்கள் பக்கத்தில் அரைக்காசு அம்மனுக்கு எதற்கு வெல்லம் வைப்பார்கள் என்பது யாருக்கும் தெரியும். மோதிரமோ சாவியோ பத்திரமோ தொலைந்தால் வேண்டிக்கொண்டு வைப்பார்கள், பொருள் கிடைத்ததும் எடுத்துவிடுவார்கள். நான் ஐந்து நாள் தொடர்ந்து போனேன். ஐந்து நாளும் வெல்லம் அங்கேயே இருந்தது. ஒருநாள் எறும்பு மொய்த்தது, மறுநாள் புதுக்கட்டி. இந்த அம்மாள் எதைத் தொலைத்தார்? இத்தனை நாள் தேடியும் கிடைக்காமல்?

போகப் போக அவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தது. முழுப்பெயர் சொர்ணவல்லி. அறந்தாங்கிக்காரர். கணவர் அழகுமலை விருந்து சமையல் காண்ட்ராக்டர். இருவருமாகப் பதினெட்டு வருடம் கல்யாணங்களுக்கும் குடமுழுக்குகளுக்கும் பாயசம் காய்ச்சியிருக்கிறார்கள். இப்போது அவர் மஸ்கட்டில் ஒரு தொழிலாளர் கேம்ப்பில் சமைக்கிறார். சொர்ணக்கா காலை முதல் பஸ்ஸில் அறந்தாங்கியிலிருந்து வந்து, மாலைக் கூட்டம் குறைந்ததும் பஸ்ஸிலேயே திரும்புகிறார். ஒரு நடைக்கு ஒரு மணி நேரம்.

"நின்னுக்கிட்டேதான் தம்பி. அடுப்படியிலயும் நிக்கிறேன், பஸ்ஸுலயும் நிக்கிறேன். காலு ரெண்டும் ஏன் சொர்ணம்னு கேக்குது."

ஆறாம் நாள் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

முந்தைய நாள் வேறொரு பேக்கரியில் வாங்கிய ஒரு க்ரீம் கேக் துண்டு பையில் இருந்தது. அன்று முழுவதும் அதை வெயிலில் தங்கச்சி வீட்டுக் காரிலேயே விட்டிருந்தேன். அதை மறந்து, பேச்சுவாக்கில் பெட்டியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். "படையல் இல்லக்கா, கேக்குதான். உங்க கருத்து வேணும்."

தயங்கினார். பிறகு சிரித்துக்கொண்டே பாதியை எடுத்து வாயில் போட்டு மென்றார். நான் ஆவலாகக் கைப்பேசியைத் திறந்தேன்.

"மெதுவா இருக்கு. ஓரம் நொறுங்குது. க்ரீம் வழவழன்னு கரையுது, நல்லா அடிச்சிருக்காங்க."

எழுதிக்கொண்டே மீதியை நான் வாயில் வைத்தேன். துப்பிவிட்டேன். புளித்து, திரிந்த பால் நாற்றம் அடித்தது.

"அக்கா, இது கெட்டுப்போச்சு! ஒங்களுக்குத் தெரியலையா?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். அந்த முகத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. கைப்பேசியைப் பார்த்தேன். மெதுவா, நொறுங்குது, வழவழ. விரலுக்கும் பல்லுக்கும் தெரிந்ததைத்தான் சொல்லியிருக்கிறார். நாக்குக்குத் தெரிய வேண்டியது ஒரு சொல்கூட இல்லை.

அவர் வயிற்றுக்கு என்ன ஆகுமோ என்று எனக்கு வியர்த்தது. அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் கடையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"போன வருசம் சித்திரையில ஒரு காய்ச்சல். எந்திரிச்சப்ப நாக்கு செத்துருச்சு. வாசமும் இல்ல, ருசியும் இல்ல. டாக்டர் வரும்னாரு. ஒண்ணர வருசமாப் போச்சு."

"யாருக்குத் தெரியும்?"

"அம்மனுக்கு. இப்ப ஒங்களுக்கு."

"வீட்டுக்காரருக்கு?"

"போன்லயா ருசி தெரியுது? நல்லா இருக்கியான்னாரு, நல்லா இருக்கேன்னேன்."

"அப்ப பாயசம்?"

"அளவு கையில இருக்கு. ஆனா பாலும் இளநீரும் ஒருநாளு இருக்குறாப்புல ஒருநாளு இருக்காதுல்ல. அதுக்குத்தான் முதல் நாலு கிண்ணம் போனதும் வந்து நிக்கிறது. சர்க்கரை ஏறிருச்சுன்னா ரெண்டாவது கரண்டிக்கு அப்புறம் கை தண்ணி டம்ளருக்குப் போகும். கம்மின்னா கிண்ணத்தைக் கிண்டுவாங்க, அடியில கிடக்கோன்னு. ஏலக்கா கூடுனா புருவம் இங்கிட்டு ஏறும். பாத்துட்டு உள்ள போயி அடுத்த சட்டியச் சரி பண்ணிருவேன்." சிரித்தார். "ஒங்க மூஞ்சி எனக்கு ரொம்ப ஒதவி தம்பி. போர்டு மாதிரி எழுதி ஒட்டுது."

படையல் கட்டுப்பாடு என்றது திரைதான். கோயில் வேலையில் அது உண்மை. இங்கே அதை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இத ஏன் ஒங்ககிட்டச் சொல்றேன்னா, வெள்ளிக்கிழமை ஒரு காரியம் இருக்கு," என்றார்.

கடை முதலாளி உதயசூரியன் அறந்தாங்கியில் கிளை திறக்கிறார். அதன் சமையல்கட்டுக்குத் தலைமையாக ஒருவர் வேண்டும். சொர்ணக்காவுக்குத்தான் என்று அநேகமாக முடிவு. பஸ் பயணம் இல்லை, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர் சொல்படி நடக்கிற அடுப்பு. இடையில் முதலாளி மகள் ஹரிணி சென்னையில் கேட்டரிங் படித்துவிட்டு வந்திருந்தாள். அவள் ஒரு விதி போட்டாள். சாமிக்கு வைத்த பிறகு, மேஜைக்குப் போவதற்கு முன், தலைமைச் சமையல்காரர் ஒவ்வொரு சட்டியையும் ருசி பார்த்தே ஆக வேண்டும். யாருக்கு அந்தப் பொறுப்பு என்பதை வெள்ளிக்கிழமை மூன்று கிண்ணம் வைத்துப் பார்ப்பாளாம். ஒவ்வொன்றிலும் என்ன குறை என்று சொல்ல வேண்டும்.

"தெரிஞ்சா அறந்தாங்கியும் போச்சு, இந்த அடுப்பும் போச்சு. நாக்கு இல்லாத ஆள யாரு வச்சுக்குவா? வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து நீங்களும் சாப்பிடுங்க. ஒண்ணும் சொல்ல வேணாம். சாப்பிட்டாப் போதும்."

இது ஏமாற்று இல்லையா என்று இரண்டு இரவு புரண்டேன். ஒன்றரை வருடமாக அந்தக் கடையில் யாரும் கெட்டதைச் சாப்பிடவில்லை என்பதும் உண்மை. மூஞ்சியைக் காட்டுவதற்கு ஒரு மனிதன் எப்படி ஒத்திகை பார்ப்பது? குளியலறைக் கண்ணாடியில் சர்க்கரையை வாயில் போட்டுப் பார்த்தேன். புவனேஸ்வரி கதவைத் தட்டி, "பல்லு வலியாண்ணே?" என்றாள்.

வெள்ளிக்கிழமை கடையில் இரண்டு மேஜைகளை ஒன்றாகப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஷர்லி, சமையல்கட்டு ஆட்கள் இருவர், நான். எதிரே சொர்ணக்கா. சாப்பிட்டுப் பார்க்க எங்களுக்கும் அதே கிண்ணங்கள். ஹரிணி கையில் ஒரு தாள். முதலாளி உதயசூரியன் வெள்ளை வேட்டியில், நெற்றியில் சந்தனத்தோடு, எங்கள் தலைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். அவருக்குச் சுகர், பாயசம் தொட மாட்டார். "தோஹா சார் நம்ம ரெகுலர் கஸ்டமர்," என்று என் தோளில் கை வைத்தார். "வெளிநாட்டு நாக்கு. அவரும் பாக்கட்டும்."

முதல் கிண்ணம். சொர்ணக்கா கரண்டியில் எடுத்துச் சாய்த்தார். வழிவதைப் பார்த்தார். வாயில் வைத்தார். "பாலு அதிகம் சுண்டிருச்சு பாப்பா. அஞ்சு நிமிசம் முன்னாடியே இறக்கியிருக்கணும்."

"கரெக்ட்க்கா," என்றாள் ஹரிணி.

இரண்டாவது. கிண்ணத்தை வெளிச்சத்துக்குத் தூக்கினார். "இதுல ஏலக்கா போடல." தூள் ஒரு புள்ளிகூட மிதக்கவில்லை என்பதை நானும் அப்போதுதான் கவனித்தேன்.

"கரெக்ட்."

மூன்றாவது கிண்ணம் பார்ப்பதற்கு அச்சு அசல் தினசரிப் பாயசம். சொர்ணக்கா கரண்டியை எடுக்காமல் எங்களைப் பார்த்தார். நாங்கள் நால்வரும் வாயில் வைத்தோம்.

உப்பு. சர்க்கரைக்கு நடுவே கடல் தண்ணீர் போல உப்பு.

அந்த நொடியில் உதயசூரியன் என் தோள் மேல் குனிந்தார். "எப்படி சார், நம்ம கடை பாயசம்?" முகம் நிறையப் பெருமை. அவருக்கு உப்பு விஷயம் தெரியாது, மகள் சொல்லவில்லை.

நமக்கு ஒரு பழக்கம் உண்டு. கொடுத்தவர் பக்கத்தில் நின்று கேட்டால், வாயில் இருப்பது எதுவானாலும் நல்லா இருக்கு என்றுதான் வரும். அதைப் பொய் என்று நாம் நினைப்பதுகூட இல்லை. விழுங்கினேன். "பிரமாதம் சார்!" சிரிக்கவும் சிரித்தேன். பக்கத்தில் ஷர்லி முதலாளியைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள். சமையல்கட்டு ஆள் ஒருவர், "சூப்பர்ணே" என்றார். நான்கு முகமும் பூப்போல இருந்தன.

சொர்ணக்கா நால்வரையும் ஒருமுறை பார்த்தார். என்னை இரண்டு முறை பார்த்தார். பிறகு ஒரு கரண்டி வாயில் வைத்து, நிதானமாக விழுங்கினார்.

"இது சரியா இருக்கு பாப்பா. ஒரு குறையும் இல்ல."

ஹரிணி தாளைக் கீழே வைத்தாள். "அக்கா, அதுல ரெண்டு ஸ்பூன் உப்பு போட்டிருக்கேன்."

நான் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால் போதும். முகத்தைச் சும்மா விட்டிருந்தால் போதும்.

சொர்ணக்கா தலையிலிருந்த வலைத் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எனக்கு நாக்கு இல்ல பாப்பா. ஒண்ணர வருசமா. அண்ணே, மன்னிச்சுக்கங்க." காய்ச்சலையும், வாசலில் நிற்பதையும், கையும் புருவமும் பார்ப்பதையும் சொன்னார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"ஒண்ணர வருசம்!" உதயசூரியன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கே தெரியாம! வெளியில தெரிஞ்சா ஒருத்தன் வருவானா?"

"ஒண்ணர வருசத்துல ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சாப்பா?" என்றாள் ஹரிணி.

"வந்தா நம்ம மூஞ்சிக்கு நேரா எவன் சொல்றான்? இந்தா இருக்காரே சாரு, உப்புப் பாயசத்தப் பிரமாதம்னாரு!"

ஷர்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தினாள். நான் வாய்விட்டே சொன்னேன். "தப்பு என்னோடது சார். நீங்க பக்கத்துல நின்னீங்க. வாய் தானா சொல்லிருச்சு."

அப்போதுதான் சொர்ணக்கா நிமிர்ந்தார். யாரோ சொல்லிக் கொடுத்தது போல அல்ல, அவருக்கே அந்த நொடியில் பிடிபட்டது போல மெதுவாகச் சொன்னார்.

"அதேதான்ணே. நீங்க நின்னா எல்லாரும் நல்ல மூஞ்சி வைப்பாங்க. நான் தண்ணிக் கேனுக்குப் பக்கத்துல நிக்கையில எவரும் என்னயப் பாத்துச் சாப்பிடுறதில்ல. சமையக்காரிய யாரு பாக்குறா? அந்த மூஞ்சி பொய் சொல்லாது. இன்னைக்கு நான் பாத்தது சாப்பிடுறவங்க மூஞ்சிய இல்ல, ஒங்களுக்குப் பயப்படுற மூஞ்சிய."

"அப்ப நான் என் கடையில நிக்கக் கூடாதா?"

"கல்லாவுல இருங்கண்ணே. மேசைப் பக்கம் வராதீங்க."

ஹரிணி சிரிக்கவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் இருந்த அறந்தாங்கிக் கடையின் வரைபடத்தைக் காட்டினாள். பேனாவால் சமையல்கட்டுச் சுவரைத் தொட்டாள். "இங்க என்ன வேணும்க்கா ஒங்களுக்கு?"

உதயசூரியன் அன்று சரி சொல்லவில்லை. இரண்டு நாள் பேசவே இல்லை என்று ஷர்லி சொன்னாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். ஷர்லியும் அறந்தாங்கிக்குப் போக வேண்டும், ஒவ்வொரு சட்டியையும் அவள் வாயில் வைத்துப் பார்த்த பிறகுதான் வெளியே போக வேண்டும். சொர்ணக்காவுக்குத் தலைமைப் பெயர் மூன்று மாதம் கழித்துத்தான், அதுவும் பார்த்துவிட்டு.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அறந்தாங்கிக்குப் போனேன். கடை திறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. மேஜைகளுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே, உட்கார்ந்தவர்களின் முகம் தெரிகிற உயரத்தில் நீளமாக ஒரு ஜன்னல். அதற்கு அப்பால் அடுப்பு, அடுப்புக்கு முன்னால் சொர்ணக்கா. ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஜன்னலுக்குப் போனேன். உள்ளே அம்மன் படம், முன்னால் வெல்லக்கட்டி.

"இன்னும் வெல்லமாக்கா?"

"தொலைஞ்சது தொலைஞ்சுதானே கிடக்கு. தேட வேணாமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த ஷர்லியோட மல்லுக்கட்ட முடியல தம்பி. அதுக்கு எம்புட்டுச் சர்க்கரை போட்டாலும் பத்தாது. அது சரின்னு சொன்னா ரெண்டு கரண்டி அதிகம்னு அர்த்தம். அதையும் கணக்குல வச்சுத்தான் போடுறேன்."

"காதுல விழுது," என்றாள் ஷர்லி கல்லாவிலிருந்து.

"விழட்டும்டி, அதுக்குத்தானே சொல்றேன். போயி உக்காருங்க தம்பி. அன்னைக்கு மாதிரி சிரிக்காதீங்க."

கடைசி மேஜையில் உட்கார்ந்தேன். கிண்ணம் வந்தது. தண்ணீர் பாட்டில் பையிலேயே இருந்தது, எடுக்கவில்லை. மறுநாள் விமானம், அதற்கடுத்த நாள் அலுவலகம், மேனேஜர் எது கேட்டாலும் ஆல் குட் என்று சொல்ல வேண்டிய பதினோரு மாதம். அதையெல்லாம் நினைத்துக்கொண்டே முதல் கரண்டியை வைத்தேன். இரண்டாவது. முகத்தை என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

நிமிர்ந்தபோது ஜன்னலில் சொர்ணக்கா என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். ஏலக்காய்த் தூள் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்தார், அடுத்த சட்டிக்கு மேலே பிடித்தார், கொஞ்சம் யோசித்து, பாதியைத் திரும்ப டப்பாவிலேயே தட்டினார்.